முதல் வெளிநாட்டு வேலை: சொந்தக்காரர் விசாவா, சென்னை ஏஜெண்டா, துபாய் விசிட்டா, சிங்கப்பூர் டெஸ்டா?

நெல்லை பேட்டை அரசு ஐடிஐயில் ஃபிட்டரோ எலக்ட்ரீசியனோ முடித்து, கங்கைகொண்டான் சிப்காட்டிலோ கூடங்குளம் காண்ட்ராக்டிலோ இரண்டு வருஷம் ஓட்டிய பையன் 'வெளிநாடு போகலாம்னு இருக்கேன்' என்று வாயைத் திறந்தால் போதும், வீட்டில் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். ரியாத்தில் இருக்கிற சித்தப்பா "நம்ம கபீல்கிட்ட ஒரு விசா இருக்குல, ரெண்டரை லட்சம் ரெடி பண்ணு" என்பார் (கபீல் என்றால் தன் பெயரில் விசா எடுத்துத் தரும் அந்த ஊர் முதலாளி). வள்ளியூரில் லாட்ஜ் ரூம் எடுத்து இண்டர்வியூ நடத்துகிறவர், "அண்ணாச்சி, ஒரு மாசத்துல ஃப்ளைட்டு" என்பார். கூடப் படித்தவன் விசிட் விசாவில் துபாய் போய் வேலை பிடித்திருப்பான். பக்கத்துத் தெருக்காரர் திருச்சிப் பக்கம் போய் 'டெஸ்ட் அடிச்சிட்டு' சிங்கப்பூரில் இருப்பார்.

நாலுமே நடக்கிற வழிகள்தான். நாலிலும் சம்பாதித்தவர்களும் உண்டு, நகையை மூழ்கக் கொடுத்தவர்களும் உண்டு. பெரும்பாலும் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். முதல் வேலைக்குச் சம்பளத்தை மூன்றாவதாகப் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, விசாச் செலவு யார் தலையில் விழுகிறது என்பது. இரண்டாவது, காகிதம் உண்மையா என்று விமானம் ஏறுவதற்கு முன்பே ஊரில் இருந்தபடி சரிபார்க்க முடியுமா என்பது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் கடன் கணக்கு

துபாயில் 1,200 திர்ஹாம் சம்பளம், ரூமும் வேலைக்குப் போய்வர வண்டியும் கம்பெனி பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு 400, போனுக்கு 50 போனால் மிச்சம் 750. திர்ஹாமுக்கு 24 ரூபாய் போட்டால் மாதம் 18,000 ரூபாய். அதில் வீட்டுச் செலவுக்கு 10,000 அனுப்பினால் கடனுக்கு நிற்பது 8,000.

இப்போது இரண்டு ரூபாய் வட்டிக்கு 50,000 வாங்கிப் போனவனுக்கு ஏழு மாதத்தில் கடன் அடைந்துவிடும். அதே வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கிப் போனவனுக்கு, அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தால்கூட, 24 மாதம் ஆகும். கல்ஃப் காண்ட்ராக்டே பெரும்பாலும் இரண்டு வருஷம்தான். அதாவது டிக்கெட் போட்டு ஊருக்குத் திரும்புகிற மாதத்தில்தான் கடன் தீரும். ஊரில் பலர் முதல் அசலுக்கே கடைசி வரை வட்டி வாங்குவார்கள். அப்படியானால் 30 மாதம். இரண்டரை லட்சத்துக்கு இரண்டு வட்டி மாதம் 5,000. மிச்சம் 3,000 மட்டும் அசலுக்குப் போனால் கணக்கைப் போடவே வேண்டாம்.

கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ நகையை வைத்துப் போகிறவர்களுக்கு வட்டி இதில் பாதிக்கும் கீழேதான் வரும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த வழியைப் பாருங்கள். முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாதம், சில இடங்களில் இரண்டு மாதம் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு 500 திர்ஹாமாவது கையில் வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் போய், இறங்கின வாரமே ரூம்காரனிடம் கைமாத்து கேட்கிறவர்கள்தான் அதிகம்.

சொந்தக்காரர் அனுப்பும் விசா

பலசரக்குக் கடைக்குப் பையனைச் சொந்தக்காரரோடு சென்னைக்கும் மும்பைக்கும் அனுப்பிப் பழகிய சீமை இது. அண்ணாச்சி கடையில் சேர்த்துவிட்டால் சாப்பாடும் படுக்கையும் கவலையில்லை; தொழிலும் கற்றுக்கொள்வான். அந்த நம்பிக்கையை அப்படியே சவுதிக்கும் குவைத்துக்கும் நீட்டுவதில்தான் சிக்கல். அங்கே பையனுக்குப் பொறுப்பு விசாவில் பெயர் போட்ட கபீல். சித்தப்பா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் யாரோ.

சொந்தக்காரர் விசாவில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, அவர் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே ஆள் கேட்கிறார்கள், அவர் பெயரைச் சொல்லிச் சேர்த்துவிடுகிறார், செலவு கம்பெனியுடையது. இது கிடைத்தால் வேறு எந்த வழியையும் யோசிக்க வேண்டாம். இந்தக் கட்டுரையின் மிச்சத்தைக்கூடப் படிக்க வேண்டாம்.

இன்னொன்று 'ஃப்ரீ விசா'. பெயரில்தான் ஃப்ரீ. சவுதியில் ஒருவர் தன் பெயரில் வீட்டு டிரைவர் விசாவோ தோட்டக்காரர் விசாவோ எடுத்து விற்பார். வாங்கிப் போகிறவன் வெளியே எங்காவது வேலை பார்த்துக்கொண்டு, மாதாமாதம் கபீலுக்கு ஒரு தொகை கட்டுவான். இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) புதுப்பிக்கும் செலவும் அவன் தலையில். சவுதித் தொழிலாளர் சட்டப்படி இகாமா, வொர்க் பெர்மிட் செலவெல்லாம் முதலாளி கொடுக்க வேண்டியவை. கபீல் ஒருவர், வேலை வேறொருவரிடம் என்பதே அங்கே குற்றம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இதில் உண்டு. 2021 மார்ச் முதல் சவுதியில் கபீல் சம்மதம் இல்லாமலேயே சில நிபந்தனைகளோடு கம்பெனி மாற வழி வந்தது. அந்தச் சலுகையில் வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர், வீட்டுக் காவலாளி, வீட்டு வேலையாள் ஆகியோர் சேர்க்கப்படவில்லை. ஃப்ரீ விசாவாக விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த ரகங்களில்தான் வருகிறது. எலக்ட்ரீசியன் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு தோட்டக்காரர் விசாவில் போகிற பையன், மாறுவதற்கு இருந்த கதவைத் தானே அடைத்துக்கொண்டு போகிறான்.

சித்தப்பாவிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். "என்னல, என்னையே நம்ப மாட்டியா" என்று ஒரு வார்த்தை வரும். இப்படிக் கேளுங்கள்: "சித்தப்பா, விசாவுல தொழில்னு என்ன போட்டிருக்கு? கபீலு தனி ஆளா, கம்பெனியா? கம்பெனின்னா கிவால காண்ட்ராக்ட் ஏறுமா?" கிவா என்பது சவுதியில் கம்பெனி காண்ட்ராக்டுகளைப் பதிவு செய்யும் அரசுத் தளம். மூன்று கேள்விக்கும் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் இங்க வந்து பாத்துக்கலாம்" என்று வந்தால், சித்தப்பாவை மதித்தே, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சவுதிக்கு எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்ற தொழில் விசாவில் போக, இந்தியாவிலேயே தொழில்திறன் சரிபார்ப்புத் தேர்வு எழுத வேண்டும். தக்காமுல் என்ற சவுதி நிறுவனத்தின் தேர்வு அது. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. விசாவில் போட்ட தொழிலும் தேர்வு எழுதிய தொழிலும் ஒன்றாக இருந்தால்தான் விசா ஸ்டாம்பிங் நடக்கும். இதில் தவறி, மெடிக்கல் காலாவதி ஆகி, மறுபடி மெடிக்கல் எடுத்தவர்கள் ஏராளம்.

லைசென்ஸ் உள்ள ஏஜெண்ட், அல்லது அரசு நிறுவனம்

1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீதும் தர வேண்டும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கேட்பது இதைவிடப் பல மடங்கு என்பதும், ரசீதில் 35,400 போட்டுவிட்டு மீதியைக் கையில் வாங்குவதும் ஊரறிந்த கதை.

சரிபார்ப்பது எளிது. இமைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, காலாவதியானதா என்று தனித்தனியாகவே போட்டிருக்கும். பதிவு இல்லாமல் ஆள் எடுப்பதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. ஏஜெண்ட் காட்டும் லைசென்ஸ் நகலில் உள்ள பெயர், முகவரி, எண் மூன்றும் தளத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மும்பைக் கம்பெனி ஒன்றின் லைசென்ஸ் நகலை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் மாடியில் ஆபீஸ் போட்டிருப்பவர் பெரும்பாலும் சப் ஏஜெண்ட். சட்டத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. அவரிடம் கொடுத்த பணத்துக்கு மும்பைக்காரர் பொறுப்பேற்க மாட்டார். மெயின் ஆபீஸ் நம்பரைத் தளத்திலிருந்து எடுத்து நீங்களே கூப்பிட்டு, 'இந்தக் கம்பெனிக்கு, இந்தத் தொழிலுக்கு டிமாண்ட் இருக்கா' என்று கேளுங்கள். அதோடு பாதி விஷயம் வெளுத்துவிடும்.

பாஸ்போர்ட்டில் ஒரு சின்ன விஷயம். பத்தாம் வகுப்பு பாஸ் ஆனவர்களுக்கு ஈசிஆர், அதாவது 'வேலைக்கு வெளிநாடு போக அரசின் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவை' என்ற முத்திரை வராது. பத்து பாஸ் செய்திருந்தும் விண்ணப்பத்தில் மார்க் ஷீட்டைக் கொடுக்காததால் ஈசிஆர் விழுந்தவர்கள் நம் பக்கம் நிறைய. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் மார்க் ஷீட் கொடுத்து மறுவிண்ணப்பம் செய்து மாற்றிக்கொள்ளலாம். வேலை கையில் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே செய்வது நல்லது. ஈசிஆர் உள்ளவர் சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் கட்டாயம். இதைத் தொல்லையாகவே பார்க்கிறோம். ஆனால் அந்தக் கிளியரன்ஸ் போடும்போதுதான் காண்ட்ராக்ட் அரசுத் தளத்தில் ஏறுகிறது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் சேர்கிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். இத்தனை மலிவாக இவ்வளவு தொகைக்குக் காப்பீடு கிடைப்பது அரிது.

அரசு வழி என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னை கிண்டியில். 1978இல் தொடங்கியது. பணம் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. குறை, வேகம். உங்கள் தொழிலுக்கு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தாலும் இருக்கும் இடங்கள் குறைவு. தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஊரில் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது சரியான வழி. 'அடுத்த மாசம் போயே ஆகணும்' என்பவருக்குச் சரிப்படாது. கல்ஃபுக்குப் போக நினைக்கும் நர்ஸ்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடமும் இதுதான்; நர்ஸ்களை எடுப்பதில் தனியார் ஏஜெண்டுகளுக்கு 2015 முதல் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

ஏஜெண்ட் வழியில் போகிறவர் தோற்பது அதிகமும் டிரேட் டெஸ்டில். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், காலையில் எழும்பூரில் இறங்கி, நேராக டெஸ்ட் சென்டருக்குப் போனால் கை நடுங்கத்தான் செய்யும். முந்தின நாளே போய்விடுங்கள். எலக்ட்ரீசியனுக்குப் பெரும்பாலும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கன்ட்ரோல் வயரிங், கேபிள் கிளாண்ட் போடுதல், பைப் வளைத்தல். வரைபடம் போடத் தெரிந்தால் போதாது; போர்டில் வயர் அடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். டைமர் காண்டாக்டை மாற்றிக் கொடுத்து ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறாமல் நிற்பதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். வெல்டருக்கு 6ஜி பைப் ஜாயிண்ட். ரூட் பாஸ் சரியாக ஊடுருவாவிட்டால் எக்ஸ்ரேயில் காட்டிக் கொடுத்துவிடும். ஏசி மெக்கானிக்குக் காப்பர் பிரேசிங், வேக்கம் இழுப்பது, கேஸ் சார்ஜ் செய்வது. வேக்கம் இழுக்காமல் நேரே கேஸ் ஏற்றுகிறவனை அங்கேயே அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்க் கடைகளில் அதுதான் பழக்கம் என்பது வேறு விஷயம்.

பயோடேட்டாவில் 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதைவிட, என்ன மெஷினில், எத்தனை இன்ச் பைப்பில், எத்தனை வோல்ட் பேனலில் வேலை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அனுபவச் சான்று கம்பெனி லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, தொழில் மூன்றும் சேர்த்து வேண்டும். காண்ட்ராக்டரிடம் வேலையை விட்டு வரும் அன்றே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அவர் சைட்டும் மாறியிருக்கும், மனசும் மாறியிருக்கும்.

ஓர் ஆஃபர் லெட்டரைப் படிக்கும் விதம்

அமீரகத்துக்கு வேலை என்றால் மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் வரும். அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் தர வேண்டும்; அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ்ப் படிவத்தையே கேட்டு வாங்குங்கள். 'இங்கிலீஷ்லயே இருக்கட்டும்' என்று ஏஜெண்ட் சொன்னால் காரணம் கேளுங்கள்.

அதில் முதலில் பார்க்க வேண்டிய வரி பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். மொத்தச் சம்பளம் 1,200 என்று இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது என்போம். ஒன்றில் பேசிக் 1,200. இன்னொன்றில் பேசிக் 800, அலவன்ஸ் 400. மாதாமாதம் கையில் வருவது ஒன்றுபோலத்தான் தெரியும். ஓவர்டைம் பேசிக்கை வைத்துத்தான் கணக்கு, அதன்மேல் 25 சதவீதம் கூடுதல். பேசிக் 800 என்றால் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு ஏறக்குறைய 4.17 திர்ஹாம், 1,200 என்றால் 6.25. தினம் இரண்டு மணி நேரம், 26 நாள் என்று பார்த்தால் மாதம் 217க்கும் 325க்கும் உள்ள வித்தியாசம். வேலை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியும் பேசிக்கில்தான், வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். இரண்டு வருஷத்துக்கு 1,120 திர்ஹாமா, 1,680 திர்ஹாமா என்பது இந்த ஒரு வரியில் முடிவாகிவிடுகிறது.

அடுத்து தொழில் பெயர். டெக்னீஷியன் என்று பேசி, லெட்டரில் ஹெல்பர் என்று போட்டிருந்தால், அடுத்த கம்பெனிக்கு மாறும்போது ஹெல்பர் அனுபவம்தான் கணக்கில் வரும். பிறகு சாப்பாடு யார் பொறுப்பு, புரோபேஷன் எத்தனை மாதம் (ஆறு மாதத்துக்கு மேல் கூடாது) என்ற வரிகள். விசா, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்று 2021ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆகவே 'விசா செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்கள்' என்று தனித் தாளில் கையெழுத்து கேட்டால், அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளாமல் நகராதீர்கள்.

கத்தாருக்கு ஒரு வசதி, 2021 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால்; ரூம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 கூடுதல். இதற்குக் கீழே சொல்கிற ஆஃபரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். முதலாளியிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்காமல் வேலை மாறவும் அங்கே 2020இலேயே சட்டம் வந்துவிட்டது.

விசிட்டில் போய் வேலை தேடுவது

பிகாம் முடித்து டேலி தெரிந்தவன், சேல்ஸில் அனுபவம் உள்ளவன், ஆங்கிலம் தடுமாறாமல் பேசுகிறவன், இவர்களுக்கு ஊரிலிருந்து ஏஜெண்ட் வழியாக நல்ல வேலை வருவது அபூர்வம். துபாய்க் கம்பெனிகள் 'இங்க இருக்கியா, நாளைக்கு இண்டர்வியூக்கு வா' என்கிற ரகம். அதனால் விசிட் வழிக்கு நியாயம் உண்டு. விசிட்டில் வேலை தேடலாம், இண்டர்வியூவுக்குப் போகலாம், வேலை கிடைத்ததும் அங்கேயே இருந்து விசா மாற்றவும் வழி உண்டு. வேலை மட்டும் பார்க்கக்கூடாது.

'பத்து நாள் வேலை பாரு, புடிச்சிருந்தா விசா அடிக்கிறேன்' என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வசனம். பத்து நாள் ஐம்பது நாளாகும், விசிட் முடியும், சம்பளமும் வராது. புகார் கொடுக்கப் போனால் விசிட்டில் வேலை பார்த்ததே தப்பு. 2024இல் சட்டத்தைத் திருத்தி, பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று உயர்த்திவிட்டார்கள். ஒழுங்கான கம்பெனி இந்த ரிஸ்க் எடுக்காது. எடுக்கிற கம்பெனி எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

60 நாள் விசிட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? துபாய் தேராவிலோ ஷார்ஜாவிலோ பெட் ஸ்பேஸ் (ரூமில் ஒரு படுக்கை மட்டும்) மாதம் 500 முதல் 800 திர்ஹாம், சாப்பாடு 400, மெட்ரோவும் பஸ்ஸும் 200க்குக் குறையாது. இரண்டு மாதத்துக்கு 2,500 திர்ஹாம் ஆகிவிடும். இதுபோக விசா, திருவனந்தபுரத்திலிருந்து போக வர டிக்கெட். ரிட்டர்ன் டிக்கெட், தங்கும் இடத்துக்கு ஆதாரம், கையில் போதுமான பணம் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். இல்லாதவரை ஊர் ஏர்போர்ட்டிலேயே ஆஃப்லோட் செய்து திருப்பி விடுவதும் நடக்கிறது. நாள் கடந்து தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

போகும் மாதம் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகாதீர்கள். வெயில் மட்டும் காரணமல்ல, ஆள் எடுக்க வேண்டிய மேனேஜர்கள் பாதிப்பேர் லீவில் போயிருப்பார்கள். ரமலான் மாதமும் மந்தம். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, பிறகு ஜனவரி, பிப்ரவரி தோதான காலம்.

தங்குவதற்குச் சொந்தக்கார வீடு ஒன்று, வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வரக் கடன் இல்லாத பணம், இந்த இரண்டும் இருந்தால் மட்டும் விசிட். ஐடிஐ முடித்த தொழில்காரர்களுக்கு இந்த வழியே தேவையில்லை. அவர்களைக் கம்பெனி ஊருக்கே வந்து எடுத்துப் போகிறது. டிரைவர்களுக்கும் பயனில்லை. நம் ஊர் லைசென்ஸை அங்கே நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள், வகுப்புக்குப் போய்ப் புதிதாக எடுக்க ஆயிரக்கணக்கில் திர்ஹாம் ஆகும்.

சிங்கப்பூர் டெஸ்ட்

சிங்கப்பூர் ஈசிஆர் பட்டியலில் இல்லை. ஆகவே இமைக்ரேட் பாதுகாப்பும் இல்லை. அதற்கு ஈடாக அந்த நாட்டுச் சட்டம் கறாராக இருக்கிறது. காகிதத்தைச் சரிபார்ப்பதும் நாலு வழிகளில் இங்கேதான் சுலபம்.

கட்டுமான வேலைக்கு, அங்கீகாரம் பெற்ற டெஸ்ட் சென்டரில் ஒரு தொழிலில் செய்முறைத் தேர்வு பாஸ் ஆக வேண்டும். நிறையப் பேர் குழம்புவது இதில்தான்: டெஸ்ட் பாஸ் ஆனால் வேலை உறுதி என்று எந்தச் சென்டரும் சொல்ல முடியாது. கோச்சிங் பணம், டெஸ்ட் பணம், பிறகு 'கம்பெனி போடுற' பணம் என்று மூன்று தவணையாகப் பணம் இறங்கும். சிங்கப்பூரில் லைசென்ஸ் பெற்ற ஏஜென்சி அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். இங்கே ஊரில் வாங்குகிறவருக்கு அந்தச் சட்டம் எட்டாது. லட்சக்கணக்கு ஆவது இதனால்தான்.

வேலை உறுதியானதும் ஐபிஏ என்ற முன் அனுமதிக் கடிதம் வரும். தமிழிலும் வரும். கம்பெனி பெயர், பேசிக், அலவன்ஸ், பிடித்தம், ஏஜென்ட் ஃபீஸ் எல்லாம் அதில் இருக்கும். மனிதவள அமைச்சகத் தளத்தில் பாஸ்போர்ட் விவரம் போட்டு உண்மையா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஐபிஏ தளத்தில் தெரிவதற்கு முன் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஐபிஏயில் சொன்ன சம்பளத்தை உங்கள் எழுத்துச் சம்மதமும் அமைச்சகத்துக்குத் தகவலும் இல்லாமல் குறைக்க முடியாது. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

போனபிறகு கவனிக்க ஒன்று: முதலாளி உங்களுக்காக அரசுக்கு லெவி (வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்ளக் கட்டும் வரி) கட்டுகிறார். கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் ஆளுக்கு மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர் திறன் ஆளுக்கு 500 வெள்ளி. நீங்கள் திறன் உயர்ந்தால் அவருக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் கூட்டிக் கேட்கும்போது இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், கட்டுமானத் தொழிலாளி பழைய முதலாளி சம்மதம் இல்லாமலேயே வேறு கம்பெனிக்கு மாறலாம்.

மற்றவை

ஜெர்மனிக்கு 2024 ஜூனிலிருந்து வேலை தேடும் வாய்ப்பு அட்டை இருக்கிறது. பட்டப்படிப்போ குறைந்தது இரண்டு வருஷத் தொழிற்கல்வியோ முடித்து, மொழியும் கற்று, மாதம் 1,091 யூரோ கணக்கில் ஒரு வருஷத்துக்கான பணத்தை (2025 நிலவரம்) முடக்கி வைக்க முடிந்தவர்களுக்கானது. நகை அடகில் போகிறவர்களுக்கு இல்லை. இங்கிலாந்தில் கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள். இன்னும் அந்த விசாவை விற்றுக்கொண்டிருக்கிறவரிடம் பேச்சே வேண்டாம். தாய்லாந்துக்கு டூரிஸ்ட்டாகப் போய் டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம் என்று வருவது, எல்லை தாண்டி மியான்மர் மோசடி முகாமில் கொண்டுபோய் விடும் வழி. தமிழ்நாட்டுப் பையன்களையே அங்கிருந்து மீட்டு வந்திருக்கிறார்கள்.

யாருக்கு எது?

ஐடிஐயும் இரண்டு வருஷ அனுபவமும் உள்ளவர் கிண்டி நிறுவனத்தில் பதிந்துவிட்டு, லைசென்ஸ் ஏஜெண்டிடம் டிரேட் டெஸ்டுக்குத் தயாராகட்டும். அனுபவம் இல்லாதவர் எந்த வழியிலும் ஹெல்பராகத்தான் போவார். இரண்டு வருஷம் ஊரில் வேலை பார்த்துவிட்டுப் போனால் முதல் சம்பளமே வேறு. ஈசிஆர் பாஸ்போர்ட்காரர் விசிட், ஃப்ரீ விசா இரண்டையும் மறந்துவிடலாம். ஒரு லட்சத்துக்கு மேல் வட்டிக்கு வாங்கினால்தான் முடியும் என்ற நிலையில் உள்ளவருக்குச் சிங்கப்பூர் இப்போது வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர், பணம் கொடுத்த ரசீது நாலையும் படம் எடுத்து வீட்டில் ஒருவர் போனில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால், கொடுத்த தேதியையும் தொகையையும் போட்டு ஏஜெண்டுக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வையுங்கள். பின்னால் புகாரில் அது நிற்கும். இறங்கின இடத்தில் வேறு காண்ட்ராக்டை நீட்டினால் கையெழுத்து போடாமல் ஆஃபர் லெட்டரைக் காட்டிக் கேளுங்கள். துபாயில் இந்தியத் தூதரக உதவி மையத்துக்கு இலவச எண் 800 46342. ஊரில் இருக்கிறவர்கள் கூப்பிட மத்திய அரசின் எண் 1800 11 3090. இரண்டையும் போனில் ஏற்றுவதோடு, பெட்டியின் உள்பக்கம் பேனாவாலும் எழுதி வையுங்கள். போய் இறங்கின முதல் நாள் போனில் சார்ஜும் இருக்காது, சிம்மும் இருக்காது.